ஒரு சனிக்கிழமை, நான்கு மாளிகைகள்: பெரியவர்களை எங்கே கூட்டிப் போவது?

மே மாதக் கடைசியில் அத்தையும் மாமாவும் திருச்சியிலிருந்து லண்டனில் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். மூன்று வாரம் தங்குவார்கள். டவர் பிரிட்ஜ், கிரீனிச், ஈஸ்ட் ஹாம் முருகன் கோவில் எல்லாம் வார நாட்களிலேயே முடிந்துவிடும். “டிவியில காட்டுவாங்களே, பெரிய புல்வெளி, நடுவுல அரண்மனை, முன்னாடி ஏரி, அந்த மாதிரி ஒண்ணு காட்டும்மா” என்று அத்தை போனிலேயே சொல்லிவிட்டார். அதற்கு எங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு சனிக்கிழமை. மாமாவுக்கு முழங்கால் வலி. அத்தைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் காரில் உட்கார்ந்தால் தலை சுற்றும்.

இங்கிலாந்தில் நாட்டுப்புற மாளிகைகளுக்குப் பஞ்சமே இல்லை. எந்த ரயிலில் ஏறி எந்தப் பக்கம் போனாலும் ஒரு பிரபுவின் வீடு, அதைச் சுற்றி ஆயிரம் ஏக்கர் என்று ஏதாவது வந்துவிடும். இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைக்கு மேல் போய்ப் பார்த்தவை நான்கு: பிளெனிம், ஸ்டவர்ஹெட், சாட்ஸ்வர்த், கிளேர்மான்ட். போன மாதம் முழுக்க இந்த நான்கையும் வைத்துக்கொண்டு வீட்டில் நடந்த பட்டிமன்றத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரிலிருந்து வரும் பெற்றோரை வைத்துக்கொண்டு இதே குழப்பத்தில் இருக்கும் யாருக்காவது உதவும்.

ஒப்பிடுவதற்கு என்னிடம் ஒரு அளவுகோல் இருக்கிறது. அது அப்பா கொடுத்தது. அப்பா பொதுப்பணித்துறையில் வேலை பார்த்தவர். பாதி ஆயுளை மதுராந்தகம் பக்கத்து ஏரிக்கரைகளில் கழித்தவர். முதல் தடவை அவரை பிளெனிமுக்குக் கூட்டிப் போனோம். எல்லோரும் அரண்மனையை போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் அதற்கு முதுகைக் காட்டி நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஏம்மா, இது இயற்கையா வந்த தண்ணி இல்லை, கட்டின ஏரி. கலிங்கு எங்கே இருக்கு?” என்றார். கலிங்கு என்றால் ஏரி நிரம்பியதும் உபரி நீர் வெளியேறும் வழி. அது எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. அதுவரை அது ஏதோ ஆதிகாலத்து ஏரி என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அவர் சொன்னது சரி. இந்தப் பூங்காக்களில் நாம் பார்க்கும் ‘இயற்கை’ முழுக்க முழுக்க ஆள் வைத்துச் செய்தது. அதற்கு முன்னால் பிரெஞ்சு அரண்மனைகளைப் பார்த்து, கோடு போட்ட மாதிரி நேரான பாதைகள், கத்தரித்த செடிகள், சதுரக் குளங்கள் என்று வைத்திருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் ரசனை மாறியது. நேர்க்கோட்டை எல்லாம் அழித்து, ஓடையை மறித்து வளைந்த ஏரியாக்கி, மரங்களைக் கொத்துக்கொத்தாக நட்டு, யாரும் தொடாத நிலம் போலத் தெரிய வைத்தார்கள். இதில் பெரிய பெயர் லான்ஸ்லாட் பிரவுன். எந்த நிலத்தைக் காட்டினாலும் “இதில் நல்ல கேப்பபிலிட்டி இருக்கிறது” என்று சொல்வாராம், அதனால் ‘கேப்பபிலிட்டி’ பிரவுன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. நம் ஊர் வீட்டுமனை புரோக்கர் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.

ஆக, வீடு எவ்வளவு பெரிது, எத்தனை அறை என்று நான் இப்போதெல்லாம் பார்ப்பதில்லை. தண்ணீரை எப்படிக் கொண்டுவந்தார்கள், அதைச் சுற்றி எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று பார்க்கிறேன். எங்கள் வீட்டில் வந்த எல்லோருக்கும் அறைகள் ஒரு மணி நேரத்தில் அலுத்துவிடும். தண்ணீர் ஓரம் யாருக்கும் அலுத்ததில்லை.

பிளெனிமிலிருந்தே தொடங்குகிறேன். எழுத்தைக் கூட்டிப் படித்தால் பிளென்ஹெய்ம் என்று வரும், உள்ளூரில் பிளெனிம். ஆக்ஸ்ஃபர்டுக்குப் பக்கத்தில் உட்ஸ்டாக் என்ற சிறிய ஊரில் இருக்கிறது. 1704இல் பவேரியாவில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்ததற்காக மார்ல்பரோ பிரபு ஜான் சர்ச்சிலுக்கு ஆன் ராணி இந்த நிலத்தைக் கொடுத்தார். 1705இல் கட்டடக் கலைஞர் ஜான் வான்பரோ கட்ட ஆரம்பித்தார். இன்றைக்கும் இந்த நிலத்துக்கு ‘வாடகை’ உண்டு: ஒவ்வொரு வருடமும் அந்தப் போர் நடந்த நாளையொட்டி பழைய பிரெஞ்சு அரசக் கொடி ஒன்றை வின்ட்சர் கோட்டைக்கு அனுப்ப வேண்டும். வாடகை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று என் கணவர் ஒவ்வொரு முறையும் சொல்வார்.

வான்பரோ ஒரு பெரிய பாலமும் கட்டினார். உள்ளேயே முப்பதுக்கு மேல் அறைகள் வைத்த பாலம். ஆனால் அடியில் ஓடியது கிளைம் என்ற சின்ன ஓடை. யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஊரே சிரித்தது. பிரபுவின் மனைவி சாராவுக்கு ஆரம்பத்திலிருந்தே இந்தப் பாலம் பிடிக்கவில்லை, வான்பரோவையும் பிடிக்கவில்லை. சண்டை முற்றி அவர் வேலையை விட்டுப் போனார். 1725இல் மனைவியோடு தான் கட்டிய வீட்டைப் பார்க்க வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். சுமார் நாற்பது வருடம் கழித்து பிரவுன் வந்து, கீழே அணை போட்டு ஓடையை ஏரியாக்கினார். பாலத்தின் அடிப்பகுதியும் அதிலிருந்த அறைகளும் மூழ்கின. மிச்சம் நின்றது தண்ணீருக்குச் சரியான அளவாகிவிட்டது. சமீப வருடங்களில் சேறு அள்ளுவதற்காக ஏரியைச் சோதித்தபோது, மூழ்கிய அறைகளின் சுவரில் 1760களில் யாரோ கிறுக்கிய எழுத்துகள் தெரிந்தன. பழநி மலைப் படியில் பெயர் எழுதுகிறவர்களைத் திட்டுகிறோமே, அதே சாதிதான்.

அப்பா கேட்ட கலிங்கு? இரண்டாம் முறை போனபோது கண்டுபிடித்தோம். ஏரியின் தெற்கு முனையில் பாறைகளுக்கு நடுவே ஓர் அருவி விழுகிறது. எல்லோரும் செல்ஃபி எடுக்கிறார்கள். உண்மையில் அதுதான் அணையின் உபரி நீர் வழி. மேலே பாறை அடுக்கி, மரம் நட்டு, அருவி வேஷம் போட்டிருக்கிறார்கள். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நாங்க கட்டினா சிமென்ட் தெரியும், இவன் மறைச்சுட்டான்” என்றார். அவர் ஒருவரைப் பாராட்டுவது அபூர்வம்.

அரண்மனைக்குள் நீளமான நூலகம் (183 அடி), மார்ல்பரோவின் போர்களைக் காட்டும் திரைச்சீலைகள், 1874 நவம்பர் 30 அன்று வின்ஸ்டன் சர்ச்சில் பிறந்த சின்ன அறை எல்லாம் உண்டு. அந்த அறையைப் பார்க்க வரிசை நிற்கும். முகப்பு மண்டபத்தில் நிமிர்ந்து பார்த்தால் கூரையில் ஆறு கண்கள் நம்மைப் பார்க்கும், நீலமும் பழுப்புமாக. 1928இல் வரைந்தது, நீலக் கண்கள் ஒன்பதாவது பிரபுவின் இரண்டாம் மனைவியுடையவை. திருஷ்டிக்கு வைத்தது என்று அம்மா முடிவே கட்டிவிட்டார். தோட்டத்தில் டயானா கோவில் என்று சின்ன மண்டபம் இருக்கிறது. 1908இல் சர்ச்சில் தன் வருங்கால மனைவியிடம் சம்மதம் கேட்டது அங்கேதான். அவர் கல்லறையும் பக்கத்திலேயே பிளாடன் கிராமத்தில்.

போக்குவரத்தில் பிளெனிமை மிஞ்ச ஆளில்லை. பேடிங்டனில் ஏறினால் ஆக்ஸ்ஃபர்ட் ஒரு மணி நேரம், அங்கிருந்து பஸ் அரை மணி. கார் வேண்டாம். அரண்மனையைச் சுற்றித் தரை சமம், உட்கார பெஞ்சுகள் நிறைய. கழிப்பறை எங்கே என்று தேட வேண்டியதில்லை. சிரிக்காதீர்கள், பெரியவர்களோடு போகும்போது முதலில் கேட்கும் கேள்வி அதுதான். குறை என்றால் டிக்கெட் விலை. நான்கு பேருக்கு அரண்மனையும் தோட்டமும் சேர்த்து எடுத்தால் பர்ஸ் வலிக்கும். சனிக்கிழமை கூட்டம் வேறு.

ஸ்டவர்ஹெட் அதற்கு நேர் எதிர். வில்ட்ஷயரில், லண்டனிலிருந்து நூறு மைலுக்கு மேல். நான்கில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன்.

ஸ்டவர் என்பது ஓர் ஆறு. அதன் ஊற்றுக்கண்கள் இந்த நிலத்தில்தான் இருக்கின்றன. ஸ்டவர்ஹெட் என்றால் அப்படியே நதிமூலம். நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கக் கூடாது என்பார்கள், நான் இரண்டையும் பார்த்தேன். வீட்டுக்காரர்கள் ஹோர் குடும்பம். 1672இல் தொடங்கிய வங்கி, இன்னமும் லண்டன் ஃப்ளீட் தெருவில் நடக்கிறது. 1720இல் தென்கடல் கம்பெனிப் பங்குகள் உச்சத்துக்குப் போய் நொறுங்கி, பாதி ஊர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டது. ஹோர் வங்கி லாபத்தோடு வெளியே வந்தது. 1720களில் வீடு எழுந்தது. 1741இல் சொத்து கைக்கு வந்த இரண்டாம் ஹென்றி ஹோர், அடுத்த நாற்பது வருடம் பள்ளத்தாக்கில் தோட்டம் போட்டார். இதில் பிரவுனுக்கு வேலை இல்லை. ஒரு வங்கிக்காரர், அவருக்குத் தெரிந்த கட்டடக் கலைஞர் ஹென்றி ஃபிளிட்கிராஃப்ட், அவ்வளவுதான்.

வீட்டின் ஜன்னலிலிருந்து பார்த்தால் ஏரி தெரியாது. இதுதான் விசேஷம். வீட்டைவிட்டு இறங்கி, மரங்களுக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். ஏரியை இடப்பக்கம் வைத்துச் சுற்ற வேண்டும். கோவில் என்றால் வலம் வருவோம், இங்கே இடம் வர வேண்டியிருக்கிறது என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டார். ஒவ்வொரு வளைவிலும் எதிர்க்கரையில் ஒரு கட்டடம் தெரிந்து மறையும். முதலில் ஃப்ளோரா கோவில். அதன் வாசலில், ‘தகுதியில்லாதவர்கள் விலகிப் போங்கள்’ என்ற பொருளில் லத்தீனில் ஒரு வரி. டிக்கெட் வாங்கியவர்களுக்கு அது பொருந்தாது என்று நினைக்கிறேன். அப்புறம் ஒரு செயற்கைக் குகை. மே மாத வெயிலிலிருந்து உள்ளே காலடி வைத்ததும் குளிர் மூஞ்சியில் அடிக்கும். கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். பழகினால், வெள்ளையாக ஒரு பெண் சிலை படுத்துத் தூங்குவது தெரியும். ஊற்றுநீர் அவளுக்கு அடியிலிருந்து சலசலவென்று இறங்குகிறது. தூக்கத்தைக் கெடுக்காதே என்று முன்னால் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அம்மா கையைத் தண்ணீரில் நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டார். நதிமூலமாயிற்றே, தெளிக்காமல் வர முடியுமா?

குகையைத் தாண்டி, ரோமாபுரியின் பாந்தியனைப் பார்த்துச் செய்த வட்ட மண்டபம். உள்ளே ஹெர்குலிஸ். அதைத் தாண்டி ஓர் அகலமான, இரண்டு பக்கமும் மரம் நின்ற பாதை. இடப்பக்கம் ஏரி நிரம்பி நிற்கிறது, வலப்பக்கம் நிலம் சரேலென்று இறங்கி, கீழே வேறொரு சின்ன ஏரி. நான் சாதாரணமாக நடந்துகொண்டிருந்தேன். அப்பா நின்றுவிட்டார். ஒரு பக்கம் எட்டிப் பார்த்தார், மறுபக்கம் எட்டிப் பார்த்தார். “கரை மேல நிக்கிறோம்” என்றார். நிஜமாகவே அதுதான் அணை. 1750களில் மண் போட்டு எழுப்பி, மேலே மரம் நட்டு, நடைபாதையாக்கிவிட்டார்கள். அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் தேடிப் போய்ப் பார்த்து, “ஓவர்ஃப்ளோ இங்கே” என்று திருப்தியாக உட்கார்ந்தார். மதுராந்தகத்தில் ஏரியைக் காக்க ராமர் இருக்கிறார், இங்கே காவலுக்கு யாரும் இல்லையே என்று அம்மா கேட்டதற்கு, எதிரே மேட்டில் தெரிந்த அப்போலோ கோவிலைக் காட்டினேன். அவருக்கு அது ஒத்துக்கொள்ளக்கூடியதாக இருந்தது.

மே மாதக் கடைசி என்றால் ரோடோடென்ட்ரான் பூத்திருக்கும், சிவப்பும் ஊதாவுமாகத் தண்ணீரில் இறங்கித் தெரியும். அக்டோபரில் இலை நிறம் மாறும்போது இன்னும் நன்றாக இருக்கும். வீடு சுமார்தான். 1902 தீவிபத்தில் நடுப்பகுதி போய், திரும்பக் கட்டினார்கள். அரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம், பார்க்காவிட்டாலும் நஷ்டமில்லை. வீட்டு முன்னால் புல்லில் செம்மறி ஆடுகள் மேயும். வேலி கிடையாது. “உள்ள வந்துடாதா?” என்று அம்மா கேட்டார். கிட்டே போனால்தான் விஷயம் தெரியும்: நடுவில் ஒரு பள்ளம், நம் பக்கம் செங்குத்துச் சுவர், ஆட்டுப் பக்கம் சரிவு. வீட்டிலிருந்து பார்த்தால் பள்ளம் கண்ணில் படாது. இதற்குப் பெயரே ‘ஹா-ஹா’. திடீரென்று கண்ணில் பட்டு ‘ஹா!’ என்கிறார்களே, அதிலிருந்து வந்ததாம்.

1946இல் ஹோர் குடும்பம் இதை, பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடுத்துவிட்டது. முதல் உலகப் போரில் ஒரே மகனை இழந்த கிழவர் ஹென்றி ஹோரும் மனைவி ஆல்டாவும், மறுவருடம் மார்ச்சில் ஒரே நாளில் இறந்தார்கள். வீட்டில் அந்த மகனின் படம் இருக்கிறது. அம்மா அந்த அறையை விட்டு வெகுநேரம் வரவில்லை.

இவ்வளவு பிடித்திருந்தும் சிக்கல் எங்கே என்றால், வழியில். காரில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று மணி நேரம். ஸ்டோன்ஹெஞ்ச் பக்கமாகத்தான் போக வேண்டும், அங்கே நெரிசல் நிச்சயம். ரயில் என்றால் வாட்டர்லூவிலிருந்து கில்லிங்கம் இரண்டு மணி நேரம், பிறகு டாக்ஸி, அதையும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். எச்சரிக்கை: இந்த கில்லிங்கம் டார்செட்டில் இருப்பது. கென்ட்டில் அதே எழுத்தில் ஜில்லிங்கம் என்று இன்னொன்று இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த ஒருவர் குடும்பத்தோடு அந்த ஜில்லிங்கத்தில் போய் இறங்கி, ஏரி எங்கே என்று எனக்கு போன் செய்தார். ஏரியைச் சுற்றும் பாதை சமதளம் மாதிரித் தெரிந்தாலும் குகைக்குப் படி இறங்க வேண்டும், அப்போலோ கோவிலுக்கு ஏற்றம். முழங்காலுக்கு இது நல்ல செய்தி இல்லை.

சாட்ஸ்வர்த் ஒரு நாளில் அடங்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெர்பிஷயர் மலைகளில், செஸ்டர்ஃபீல்டுக்குப் பக்கத்தில். செயின்ட் பான்கிராஸிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம், மேலே பஸ் அல்லது டாக்ஸி. செஸ்டர்ஃபீல்டில் இறங்கியதும் திருகிய கூம்பு வைத்த தேவாலயம் ஒன்று கண்ணில் படும். யாரோ பிழிந்துவிட்ட மாதிரி இருக்கும். அதற்காகவாவது ஜன்னல் ஓரம் உட்காருங்கள்.

ஆனால் தண்ணீர் வித்தை பார்க்க வேண்டுமென்றால் இதுதான் உச்சம். டெவன்ஷயர் பிரபுக்களின் வீடு, குடும்பப் பெயர் கேவண்டிஷ். மலைச்சரிவில் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமைத்த படிக்கட்டு அருவி ஒன்று இருக்கிறது, 24 கட்டுகள். ஒவ்வொரு கட்டும் ஒவ்வொரு மாதிரி, அதனால் தண்ணீர்ச் சத்தமும் இடத்துக்கு இடம் மாறும். பழையது, பழுதுபார்க்க நிறுத்தியிருப்பதும் உண்டு. தண்ணீர் விடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டு போங்கள். கீழே நீள்குளத்தில் ‘எம்பரர்’ நீரூற்று. 1844இல் ரஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் நிக்கலஸ் வருவார் என்று எதிர்பார்த்து, தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் ஆறே மாதத்தில், ராத்திரி விளக்கு வைத்தெல்லாம் வேலை வாங்கி முடித்தார். 296 அடி உயரம் வரை பீய்ச்சியிருக்கிறது. சக்கரவர்த்தி வரவே இல்லை. அப்பா நீரூற்றைச் சுற்றி வந்து, “பம்ப் ஹவுஸ் எங்கே?” என்றார். பம்ப் கிடையாது. சுமார் 350 அடி மேலே மலையில் ஓர் ஏரி வெட்டி, குழாயில் இறக்கியிருக்கிறார்கள். தண்ணீரின் சொந்த பலம்தான். அன்றைக்கு ராத்திரி ஓட்டல் அறையில் ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தூங்கினார்.

பாக்ஸ்டனைப் பற்றி இன்னொன்று. 1830 வாக்கில் மொரீஷியஸ் வழியாக இங்கிலாந்துக்கு வந்த ஒரு குட்டை வாழையை வாங்கி, கண்ணாடி வீட்டுக்குள் வளர்த்தார். 1835இல் பூ விட்டது. பிரபுவின் குடும்பப் பெயரைச் சூட்டினார்கள்: கேவண்டிஷ். இன்று லண்டன் சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும் வாழைப்பழம் கிட்டத்தட்ட எல்லாமே அந்த வகைதான். ஊரில் மோரிஸ் என்றும் பச்சைப்பழம் என்றும் வாங்குவதும், தேனிப் பக்கம் ஏக்கர் கணக்கில் போடும் ஜி9உம் இதே கூட்டம். இதைச் சொன்னதும் அம்மா, “நம்ம பழத்துக்கு இவங்க பேரா?” என்றார். நியாயமான கேள்வி.

உள்ளே ஒரு கதவின் மேல் வயலின் தொங்குகிறது. தொங்கவில்லை, வரைந்தது. 18ஆம் நூற்றாண்டு ஓவியம். பக்கத்தில் போகவிடமாட்டார்கள், சற்றுத் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். அம்மா சிறுவயதில் வயலின் கற்றவர். கம்பியின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஊழியரிடமே கேட்டு உறுதி செய்துகொண்டார்.

சாட்ஸ்வர்த்தில் என்னை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. எடன்சர் என்ற கிராமம் வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிறது, காட்சிக்கு இடைஞ்சல் என்று, 1830களின் கடைசியில் ஆறாவது பிரபு அதைத் தூக்கி மேட்டுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டார். புது வீடுகள் அழகாகத்தான் இருக்கின்றன. பழைய இடத்தில் ஒரே ஒரு வீடு மட்டும் இன்னும் தனியாக நிற்கிறது. பஸ்ஸிலிருந்து பார்க்கலாம். அழகான பச்சைச் சரிவு ஒவ்வொன்றிலும் யாருடைய அடுப்படி இருந்ததோ என்று அதற்குப் பிறகு நான் யோசிக்காமல் இருந்ததில்லை.

பூங்காவில் நடக்கக் காசு வேண்டாம், வீட்டுக்கும் தோட்டத்துக்கும்தான் டிக்கெட். கையில் இரண்டு நாள் இருந்து, ஒரு ராத்திரி தங்க முடிந்தால், குழந்தைகளும் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு சாட்ஸ்வர்த் போங்கள். எங்கள் சனிக்கிழமைக்கு இது ஆகாது.

கடைசியில் கிளேர்மான்ட். நான்கில் சிறியது, மலிவானது, பக்கத்தில் இருப்பது. வாட்டர்லூவிலிருந்து ஈஷர் அரை மணி நேரம்தான். ஏரியைச் சுற்றி சமமான பாதை, நடுவில் ஒரு தீவு. எதிரே புல்லாலேயே படிப்படியாகச் செதுக்கிய பெரிய அரைவட்ட அரங்கம், 1720களில் சார்ல்ஸ் பிரிட்ஜ்மன் செய்தது. வீட்டைப் பார்க்க முடியாது, பள்ளிக்கூடமாகிவிட்டது. அத்தை கேட்டது அரண்மனை, ஆகவே ஓட்டுக்கு விட்டால் இது முதல் சுற்றிலேயே போய்விடும்.

ஆனாலும் தமிழர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டிய இடம் இது என்பேன். 1768இல் நியூகாசில் பிரபு இறந்ததும் அவர் மனைவி இதை ராபர்ட் கிளைவுக்கு விற்றார். கடலூர் டேவிட் கோட்டை, 1751இல் ஆற்காட்டு முற்றுகை, 1753இல் சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் கல்யாணம் என்று நம் ஊர்களில் வளர்ந்த ஆள். பிறகு வங்காளத்தில் சேர்த்ததற்குக் கணக்கே இல்லை. இருந்த வீட்டை இடித்துவிட்டு, கேப்பபிலிட்டி பிரவுனை வைத்தே புது மாளிகை எழுப்பினார். அதில் குடிவராமலே 1774 நவம்பரில் செத்துப்போனார். ஆற்காட்டில் அரிசி தீர்ந்துபோனபோது நம் சிப்பாய்கள் சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, வடித்த கஞ்சியைத் தாங்கள் குடித்தார்கள் என்று ஆங்கிலேயர் பெருமையாக எழுதிவைத்த கதை ஒன்று உண்டு. அந்தப் புல் அரங்கத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டபோது எனக்கு அது ஞாபகம் வந்தது. ஊறுகாயும் கொண்டு போயிருந்தோம்.

ஸ்டோ என்ற இன்னொரு மாளிகைத் தோட்டத்தையும் சேர்க்கலாமே என்று கணவர் கேட்டார். முப்பதுக்கு மேல் கோவில்களும் மண்டபங்களும், ஒரு நாய்க்கு எழுதிய இரங்கல் கல்வெட்டும் இருக்கும் அருமையான இடம். எங்கே பார்த்தாலும் அரசியல் கிண்டல், பின்னணி தெரியாமல் போனால் வெறும் கல். அதனால் வேண்டாம் என்றேன்.

சரி, முடிவு. ஒரு வாரம் நான் ஸ்டவர்ஹெட்டுக்காக வாதாடினேன். பூக்காலம் வேறு. ஆனால் மூன்று மணி நேரக் காரில் அத்தையைப் பின்சீட்டில் பிளாஸ்டிக் பையோடு உட்கார வைத்துவிட்டு, மாமாவைக் குகைப் படியில் கைத்தாங்கலாக இறக்கி, நான் மட்டும் ஊற்றை ரசிப்பதில் அர்த்தமில்லை. பிளெனிமுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. தோட்டத்தோடு அரண்மனையும் சேர்த்து, ஏனென்றால் அத்தைக்கு அரண்மனை வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன்: கார் நிறுத்தும் பெரிய வாசல் வழியாகப் போவதில்லை. உட்ஸ்டாக் ஊருக்குள் இறங்கி, கடைவீதியைத் தாண்டி, தெருக்கோடியில் இருக்கும் கல் வளைவுக்குள் நுழைய வேண்டும். நுழைந்த நொடியில் ஏரி, பாலம், அதற்கப்பால் அரண்மனை எல்லாம் ஒரே சேர விரியும். சர்ச்சிலின் அப்பா தன் புது மனைவியை இந்த வழியாகக் கூட்டிவந்து, இங்கிலாந்திலேயே சிறந்த காட்சி இது என்றாராம். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, வரிசை குறைந்த பிறகு அரண்மனைக்குள் போகலாம். மாமா நடக்க மறுத்தால் நானும் அத்தையும் மட்டும் அருவி வரை போய் வருவோம். சாப்பாட்டுக்கு எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பிளாஸ்கில் ஏலக்காய் டீ.

ஸ்டவர்ஹெட் அக்டோபருக்கு. அப்பா மட்டும் வருகிறார், அம்மா அக்கா பிரசவத்துக்காக ஊரிலேயே இருப்பார். நேற்று போனில் இதைச் சொன்னதும், போன தடவை அந்தக் கரையில் ஓர் இடத்தில் மரத்தின் வேர் இறங்கியிருந்ததாகவும், அது கரைக்கு ஆகாது என்றும், யாரிடமாவது சொல்ல முடியுமா என்றும் கேட்டார்.